காட்டைக் கொடுத்தாச்சு

இன்று காலை பாசிர் பெனம்பாங் கரையில் படகுக்குப் பச்சைச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அந்த வாசனைக்குள் உட்கார்ந்துதான் உன் நாடகக் கம்பெனிக்கு நான் காடு வரைந்தேன். மேடையின் அகலத்துக்கு ஒரே துணி, அது நிறைய மரங்கள். யாரிடமும் படிக்காத கை. கிளையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது. "காத்தடிக்குதுன்னு வச்சுக்குவோம், விடுப்பா" என்றாய்.

அப்புறம் வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்தது. நம் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. இரவு நாடகத்தால் பிழைக்கும் கம்பெனி எத்தனை மாதம் தாங்கும்? நடிகர்களுக்குப் பாக்கியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப, சீன் துணிகளை ஒவ்வொன்றாக விற்றாய். என் காட்டைக் கோல சிலாங்கூரில் படக்கடை வைத்திருந்த சீனர் வாங்கினார், ஆட்களை முன்னால் நிறுத்திப் படம் எடுக்க.

மறுநாள் அரிசி வரிசையில், தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைச் சீண்டினார்.

"என்னய்யா, ராஜா கம்பெனி படுத்துருச்சாமே?"

"காட்ட குடுத்தாச்சுண்ணே. அடுத்தது அரண்மனதான்."

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாயங்காலத்துக்குள் அது "காட்டுக்குக் குடுத்தாச்சு" என்று ஆகிவிட்டது. அந்த நாளில் அதற்கு ஒரே அர்த்தம்: காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுப்பது. கம்பெனி ஏன் நொடித்தது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டதாம். கோயிலுக்காக நீ நாடகம் போட்டு வசூலித்த பணமும் அங்கேதான் போனது என்றார்கள். உன் நாடகம் பார்த்து அழுதவர்களே சொன்னார்கள்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர்கள் உன்னை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் ஸ்டேஷனுக்கு ஓடி, காடு என்றால் துணி என்றேன். மொழிபெயர்க்க இருந்தவர் சிரித்தார். "எங்க, துணியக் காட்டு லா." படக்கடைக்காரர் பயந்துபோய், எதையும் வாங்கவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டார். நான் சொன்னதை நேரில் கேட்ட மண்டோர் சாட்சி சொல்ல வரவில்லை. நீ கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்கு உன்னைக் கப்பலேற்றினார்கள். அடுத்த வருடம் அங்கிருந்து ஒரு தபால் வந்தது. நீ செத்துப்போனதாக எழுதியிருந்தது.

பயம் தெளிந்தபின் கடைக்காரர் துணியை மறுபடி விரித்தார். போன மாதம் மண்டோர் மகன் வீட்டுச் சுவரில் அவன் கல்யாணப் படத்தைப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக இருவர். பின்னால் என் காடு.

படத்தை இறக்கி அவன் மடியில் வைத்தேன். "இந்தா பாரு, இதான் அந்தக் காடு."

"செத்தவங்க கத இப்ப எதுக்கு மாமா? காப்பி ஆறுது லா."

குடிக்காமல் வந்துவிட்டேன். இனி அந்தப் படி ஏற மாட்டேன்.

மறந்துவிடு என்கிறார்கள். மாட்டேன். உன் பேச்சு எங்கே எழுந்தாலும் குறுக்கே போய் நிற்கிறேன். அந்த வார்த்தையை வரிசையில் நின்று சொன்னவன் நான்தான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உடனே உன்னை விட்டுவிட்டு என்னைத் திட்டத் தொடங்குகிறார்கள். திட்டட்டும். அவ்வளவு நேரமாவது அவர்கள் வாயில் உன் பெயர் இல்லை.