மூன்றாம் வரி

நவம்பர் 16, சனி. லாங்கன்தால்.

உருளைக்கிழங்கு எடுக்க இன்று மகள் வீட்டுக்கு அடியில் இருக்கும் கெல்லருக்குள், நிலவறைக்குள், இறங்கிவிட்டாள். அங்கே நான் பன்னிரண்டு வருடமாக ஒளித்து வைத்திருந்த கரும்பலகையைக் கண்டாள். ஊரில் நடந்த போரால் இடையில் நின்ற என் பல்கலைக்கழகக் கணிதத்தை, உணவகச் சமையலறை வேலை முடிந்து வந்து அங்கேதான் படிக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

"இதுக்கோ இங்க வாறனீங்கள்? நீங்கள் குடிக்கிறீங்கள் எண்டெல்லோ அம்மா நினைச்சுக்கொண்டிருக்கிறா!" என்று சிரித்தாள். அவள் சூரிச்சில் கணிதம் படிக்கிறவள். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, மூன்றாம் வரியில குறி பிழை. மைனஸ் வரோணும்."

எனக்குப் பறிபோனதெல்லாம் அவளுக்குச் சும்மா கிடைத்தது. அந்த எரிச்சல்.

"நீ பிறக்க முதலே எனக்குக் கணக்குத் தெரியும். மேல போ."

கிழங்கை எடுக்காமலே போனாள். நான் பலகை முழுவதையும் துடைத்தேன். நாலு மணி ரயிலில் அவள் சூரிச்சுக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போது இந்த நாட்குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மைனஸ்தான். ஒரு மாதமாக முட்டிக்கொண்டு நின்ற கணக்கு, குறியை மாற்றியதும் முடிந்துவிட்டது.

முப்பது வருடத்தில் என் கணக்கை இன்னொருவர் வாசித்தது இன்றைக்குத்தான். அவளைத்தான் மேலே போகச் சொன்னேன்.