திரேசா தீர்த்த நேர்த்தி

1996 மார்ச் 10, ஞாயிறு.

தமிழ்ப் பூசை முடிந்ததும் என் மனைவி திரேசா கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முழந்தாளில் போனாள். நாங்கள் குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுண் தமிழ்ச் சனமெல்லாம் பார்த்து நின்றது. எனக்குக் கடவுளை அறியும் அருள் கிடைக்க வேண்டுமென்று அந்தோனியாருக்கு வைத்த நேர்த்திக்கடனாம்.

அருள் கொடை; பேரம் பேசி வாங்கும் பண்டமல்ல. குருத்துவத்துக்குப் படிக்கும் குருமாணவருக்குப் பதினெட்டு வருடம் இதைப் படிப்பித்தவன் நான். வீடு திரும்பும் வழியில் ஸ்ட்ரீட்கார் ட்ராமில் குரலை உயர்த்தாமல் கேட்டேன்.

“என்னைக் கேளாமல் எனக்காக ஏன் பேரம் பேசினீர்?”

“பேரமோ? கிடைச்ச பிறகுதானே நேர்த்தி தீர்க்கிறது. நன்றி சொன்னனான்.”

“எனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. நான் செபம் சொல்லியே ஆறு வருசம்.”

“கிடைச்சது உங்களுக்குத் தெரியவேணுமோ? அருளை உணர்ச்சியால அளக்கேலாது எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். கொஞ்சம் தள்ளி இருங்கோ, முழங்கால் நோகுது.”

தள்ளி இருந்தேன். அந்தக் கோட்பாடு இப்போதும் சரியென்றே நினைக்கிறேன். அப்படியானால் என்னுள் இருப்பதை நானே அறியேனா? இல்லாத ஒன்றுக்காக அவள் தோலை உரித்துக்கொண்டாளா? கோபம் ஆறவில்லை, யார்மீது என்பதும் விளங்கவில்லை.

சற்றுமுன் அவளுடைய முழங்காலுக்கு மருந்து பூசும்போது “ஆண்டவரே” என்று என் வாயில் வந்துவிட்டது. எரிச்சலில் வந்ததா, செபமா என்று எனக்கே தெரியவில்லை. அது அவள் காதில் விழுந்தது. திரும்பிப் படுத்துவிட்டாள்.