நான் உடன்படாத கட்டுரை

டாக்கா, 1929 ஜனவரி 13, ஞாயிறு

காலையில் ரூயி மீன் அரிந்துகொண்டிருந்தேன். அவர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சனிக்கிழமை இலக்கியச் சங்கத்தில் வாசிக்கப்போகும் கட்டுரையைப் படித்துக் காட்டினார். கல்லூரியில் தர்க்கப் பாடம் நடத்துகிறவருக்கு வீட்டிலும் ஒரு மாணவி வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது நான்தான்.

'ஆட்சிக்கு மதம் வேண்டாம், அறிவுள்ளவனுக்கும் வேண்டாம்' என்று ஒரு வரி வந்தது. என் கை நின்றுவிட்டது.

"அப்ப அஞ்சு வேளை தொழுவுற நான் அறிவில்லாதவளா?"

"உன்னைச் சொல்லல ஹுஸ்னா."

"வேற யாரைச் சொன்னீங்க? பக்கத்து வீட்டுப் பூனையையா?"

சிரித்தார். பிறகு பேனாவை எடுத்துப் பின்பாதியை அடித்தார். 'மனிதருக்கு அது அவரவர் விருப்பம்' என்று எழுதினார். மீதியில் பாதியோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனால் மீன் அரிகிற பெண்டாட்டி சொன்னாள் என்று ஒரு வரியை மாற்றுகிற ஆண்பிள்ளை இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்?

ஜனவரி 20

நேற்று வாசித்தார். நிறையக் கைதட்டல். சிலர் நடுவிலேயே எழுந்து போனார்களாம். அவர் கைதட்டலைப் பற்றியே பேசுகிறார். எனக்கு எழுந்து போனவர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

ஜனவரி 29

கட்டுரை அச்சில் வந்துவிட்டது. அவருடைய தம்பி தாஹேர் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சதர்காட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார்.

"பாபி, அண்ணி நீங்கதான் அண்ணனைக் கொஞ்சம் அடக்கி வைக்கணும். 'காஃபிரோட தம்பி கடை'ன்னு சொல்லிட்டு ஒருத்தனும் படியேற மாட்டேங்கிறான்."

அரிசி மாவில் சுட்ட பிட்டா கொடுத்தேன். தொடவில்லை.

பிப்ரவரி 1, வெள்ளி

பள்ளிவாசலில் இவருக்கு இரண்டு பக்கமும் இடத்தைக் காலியாக விட்டுத் தள்ளி நின்றார்களாம்.

பிப்ரவரி 5

ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தலைவர் சௌத்ரி சாகேப் மாளிகையில் பெரியவர்கள் கூடுகிறார்கள். இவர் மன்னிப்பில் கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் ஊர்விலக்கு. ஊரே விலக்கியபின் கல்லூரி மட்டும் வைத்துக்கொள்ளுமா?

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"போட்டுடட்டுமா?" என்றார்.

"நீங்க எழுதினதுல பாதி எனக்குப் பிடிக்கல. ஆனா நீங்க பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல. அதைப் பார்க்கவும் எனக்கு ஆசையில்ல."

சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா? வேலை போனால் நான்தானே காரணம்?

பிப்ரவரி 10, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

நானும் போனேன். மூடுவண்டியில். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. பெண்கள் பக்கத்தில், மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். கூடத்தில் தலைகள், தலைகள். எழுதித் தயாராக வைத்திருந்ததை ஒருவர் உரக்கப் படித்தார். 'நான் எழுதியது தவறு. மார்க்கத்துக்கு விரோதம். இனி எழுதமாட்டேன்.'

இவர் பேனாவை வாங்கினார். நான் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

"யார் மனசாவது நொந்திருந்தா மன்னிப்புக் கேக்கிறேன். ஆனா தப்புன்னு எழுத மாட்டேன். எங்க தப்புன்னு காட்டுங்க, இங்கேயே அடிச்சுடறேன்."

முன்வரிசையிலிருந்து ஒரு மௌலவி கத்தினார். "இவன் வீட்ல அல்லா மேல இருக்கிற ஈமான் செத்துப்போச்சு! பொண்டாட்டியையும் கெடுத்திருப்பான்!"

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே பேசினேன்.

"நான்தாங்க அந்தப் பொண்டாட்டி. ஒரு வேளைத் தொழுகை விட்டதில்ல. தொழாதேன்னு இவர் ஒரு நாளும் சொன்னதில்ல, நான் பாய் விரிச்சா விளக்கைத் தள்ளி வச்சுக் கொடுப்பார். கேள்வி கேட்டா உடைஞ்சு போற ஈமான் எங்க வீட்ல இல்ல. உங்க வீட்ல இருந்தா அதுக்கு இவர் என்ன செய்வார்?"

தலைகளெல்லாம் தட்டிப் பக்கம் திரும்பின.

"பொம்பளையப் பேசவிட்டது யாரு?" என்றார் சௌத்ரி சாகேப்.

ஊர்விலக்கு என்று தீர்ப்பு. பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பயமா? கொஞ்சம். மீதியெல்லாம் பெருமை — அவரைப் பற்றி. என்னைப் பற்றியும்தான், ஏன் மறைக்கவேண்டும்?

மார்ச் 2

கல்லூரி வேலை போய்விட்டது. மற்ற வருடங்களில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீடு கொள்ளாது. இந்த வருடம் நாங்கள் இருவர்தான். இன்று கதவு தட்டப்பட்டது. தாஹேர், கையில் பொரியும் கத்தரிக்காய் பஜ்ஜியும்.

"கடை எப்படியும் காலியாத்தான் கிடக்கு பாபி. இங்க வந்தாலாவது ரெண்டு மனுஷரைப் பார்க்கலாம்."

அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சர்பத் கலக்கினேன்.

மார்ச் 24

பெருநாள் முடிந்தது. இவருக்கு நாராயண்கஞ்சில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறது. ரயிலில் போய்வர வேண்டும்.

சங்கச் செயலாளர் வந்தார். இவரைப் பார்க்க என்று நினைத்தேன்.

"பாபி, அன்னிக்குத் தட்டிக்குப் பின்னால பேசினீங்களே, சங்கத்துல வந்து பேசுவீங்களா? மாஸ்டரை எதிர்த்துக்கூடப் பேசலாம்."

"எதிர்த்துத்தான் பேசுவேன்."

ஜூன் 9

நேற்று மாலை வாசித்தேன். தலைப்பு 'நான் ஏன் தொழுகிறேன்'. சங்கத்துக்குள் பெண்கள் வந்தது இதுதான் முதல் முறை. என்னையும் சேர்த்து மூன்று பேர். ஆட்சிக்கு மதம் வேண்டாம் என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் என் ஒரே குழந்தையை மண்ணில் வைத்த நாளில் தர்க்கம் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை என்றும் சொன்னேன். அந்த இடத்தில் அவர் தலை குனிந்தார். அவருக்கும் அது குழந்தைதானே.

முடித்ததும் முதலில் எழுந்தவர் அவர்தான். "கட்டுரையாளர் ஹுஸ்னா ஆரா பேகம் அவர்களுக்கு ஒரு கேள்வி" என்றார். முழுப் பெயர். அவர் வாயால்! 'இன்னாரின் மனைவி' என்று போடாமல் அந்தப் பெயரிலேயே அச்சிடப்போகிறார்களாம்.

இப்போது மேஜையில் உட்கார்ந்து மறுப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்.

"ஹுஸ்னா, மூணாவது பத்தியில நீ சொல்றது தர்க்கப்படி நிக்காதே!"

"எழுதுங்க, எழுதுங்க. அடுத்த கூட்டத்துல வந்து பதில் சொல்றேன்."