கயிற்றுக்கு உள்ளே

ஜூன் 15, ஞாயிறு

இங்கிலாந்திலிருந்து ரொறன்ரோ திரும்பி ஒரு கிழமையாகிறது. இன்று பிறம்ரனிலிருந்து என் மச்சாள், இவருடைய அக்கா, வந்திருந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அங்கே பார்த்த பழைய மாளிகைகளின் படங்களைக் காட்டத் தொடங்கினேன். இவர் குறுக்கே பாய்ந்தார்.

"உவ செய்த வேலையைக் கேளுங்கோ அக்கா. அந்தப் பெரிய வீட்டு வாசல்ல சப்பாத்தைக் கழட்டிக் கையில வச்சுக்கொண்டெல்லோ உள்ளுக்குப் போனவ. வெள்ளைக்காரர் எல்லாரும் பாக்கினம். எனக்கு வெக்கமாப் போச்சு."

மச்சாள் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாய் திருத்த வந்தவனையே சப்பாத்தோடு வீட்டுக்குள் விடாதவர் இவர். மிச்சக் கதையை நானே சொன்னேன்.

கடைசி அறையின் சுவர்க்கடதாசி முழுக்கக் கையால் வரைந்த குருவிகள். பழைய கம்பளம் தேய்ந்துவிடும் என்று வாசலில் கயிறு கட்டி, எல்லோரையும் வெளியே நிறுத்தியிருந்தார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டிய வெள்ளைக்கார அம்மா, சப்பாத்தில்லாத என் கால்களைப் பார்த்தார். கயிற்றைக் கழற்றி என்னை மட்டும் உள்ளே விட்டார். சுவரோடு முகம் வைத்துப் பார்த்தேன். ஒரு குருவிக்குக் கால் வரைய மறந்திருந்தார்கள்.

"நீயும் பாத்தனியோ?" என்று மச்சாள் இவரைக் கேட்டார்.

"நான் கயித்துக்கு வெளியில நிண்டனான்."

அதற்குப் பிறகு இவர் தேத்தண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது படுக்கையில் கிடந்தபடி கேட்கிறார்: "மெய்யாவே அந்தக் குருவிக்குக் காலில்லையோ?"

நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கட்டும்.