நுரை என்று சொன்ன மச்சானுக்கு

நேற்று கோழித்தீவனக் கடையில் தவிட்டு வாசனை மூக்கில் ஏறியது, மச்சான். கூடவே உன் மேல் கோபமும் ஏறியது. நீ செத்து இத்தனை காலமாகியும் அது பழசாகவில்லை.

ஜப்பான்காரன் பிடித்திருந்த நம் காஜா பேராங் ஊரில் அப்போது என்னைவிட விஷயம் தெரிந்தவன் யார்? ஜப்பான் பாஷை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் தங்கையைக் கட்டிய நீ மட்டும் என்னை மதித்ததே இல்லை. காலையில் உனக்கு விரல் மடங்காது, வாயெல்லாம் புண், வெயிலில் நின்றால் மூக்கின் இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல் சிவந்துவிடும். அந்த மூஞ்சியை வைத்துத்தான் உன்னைக் காப்பாற்றினேன். போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க ஒரு லாரி நிறைய சிப்பாய்கள் வந்தார்கள். சரி, இரண்டு பேர். நோய்க்கு அவர்கள் பாஷையில் பியோக்கி. "பியோக்கி! குஷ்டம்!" என்று நான் போட்ட கூச்சலில் துப்பாக்கியை மறந்து ஓடினார்கள்.

நன்றி சொன்னாயா? அக்கம்பக்கத்தார் கிணற்றருகே விடவில்லை என்று என் மேல் பாய்ந்தாய். "ரயிலுக்கே போயிருப்பேன்டா. ஒன் வாயிதான் எனக்குக் குஷ்டம்."

பிறகு உன் கால் வீங்கியது. அரிசியில்லாமல் மரவள்ளியைத் தின்று ஊரே பெரிபெரியில் கால் வீங்கிக் கிடந்த காலம். அதற்குத் தவிடுதான் மருந்து. சிப்பாய்கள் காவல் இருந்த அரிசி ஆலையிலிருந்து ஒரு மூட்டை, இல்லை, மடி நிறைய எடுத்துவந்து கரைத்துக் கொடுத்தேன். என் சட்டையிலேயே துப்பினாய்.

"மூத்திரம் நொரை நொரையா போவுது மச்சான். இது பெரிபெரி இல்ல. கேளேன்."

"பெரிய டாக்டரு! குடிடா."

ஜப்பான்காரன் போவதற்குள் நீ போய்விட்டாய், என் தங்கையைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு. நீ சொன்ன அந்த ஒரு பேச்சு மட்டும் என் காதைவிட்டு இறங்கவே இல்லை.

போன மாதம் உன் பேரன் முகத்தில் அதே இறக்கை. டாக்டரம்மா லூபஸ் என்றார். உடம்பின் காவல்காரனே உடம்பை அடிக்கும் நோயாம். "பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வரும். ஆம்பளைங்களுக்கு வந்தா கிட்னியைச் சீக்கிரம் புடிக்கலாம். குடும்பத்துல வேற யாருக்காச்சும்?"

வார்டே கேட்கும்படி உன் கதையைச் சொன்னேன். நுரைக்கு வந்தபோது பேரன் தலையைக் குனிந்தான்.

"எனக்கும் அப்படித்தான் போவுது தாத்தா. வெக்கமா இருந்துச்சி, சொல்லல."

நுரையும் கால் வீக்கமும் கிட்னி கெடுவதன் அடையாளமாம்; அன்றே சோதித்தார்கள். கிட்னியில் இப்போதுதான் ஆரம்பமாம், மருந்து தொடங்கியாயிற்று.

"அந்தத் தாத்தா எப்படி இருப்பாரு?" என்று கேட்டான்.

"திமிர் புடிச்ச கழுத. ஆனா அவன் சொன்னதுதான் சரி."

அவனிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லமாட்டேன்.