கம்பி இல்லாத சைக்கிள்

ஜூன் 24, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். குற்றாலச் சீசன் கூட்டம். இலஞ்சி நிறுத்தத்தில் இரண்டு பஸ் நிற்காமலே போயின. மூன்றாவதில் ஒற்றைக் காலில் தென்காசி வரை. பள்ளிக்கு மறுபடி தாமதம். டீச்சர் திட்டக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் சைக்கிள் கேட்டேன். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே சரி என்றார். சந்தோஷப்படத் தெம்பு இல்லை.

ஜூன் 26, வியாழன்

நூலகம். கெமிஸ்ட்ரி படிக்கப் போய், சைக்கிள் பற்றிப் படித்தது. ஹைபிரிட்தான் வேண்டும். தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்கும் ஆகும். ஃபிரேமில்தான் குழப்பம்.

மேல்கம்பி நேராக: உறுதி, எடை குறைவு.
மேல்கம்பி சரிவாக: நடுத்தரம்.
கம்பி தாழ இறங்கியது: சுடிதாரில் ஏற எளிது. கொஞ்சம் கனம்.

எனக்கு முதலாவதுதான். கம்பிகள் சேர்ந்த முக்கோணம் எளிதில் வளையாது. குற்றாலத்துக்கு டியூஷன் போகும் வழி முழுக்க மேடு, எடை குறைவாக இருந்தால் நல்லது.

ஜூன் 28, சனி

தென்காசியில் கடை. அப்பா, நான், தம்பி செந்தில். கடைக்கார அண்ணாச்சி என்னை நிற்கவைத்துப் பார்த்து, பதினாறு இஞ்ச் ஃபிரேம் சரி என்றார். அப்பா பதினெட்டைக் காட்டினார், செந்திலைப் பார்த்தபடி. எங்கள் வீட்டில் யூனிபாரமே அடுத்த வருஷத்து உடம்புக்குத்தான் தைப்பது.

"இவ ரெண்டு வருசத்துல காலேஜு, ஹாஸ்டல்னு போயிருவா. பொறவு தம்பி ஓட்டுவாம்லா" என்றார் அண்ணாச்சியிடம்.

அதில் ஏறினால் கட்டைவிரல் மட்டும் தரையில். செந்தில் அதற்குள் மணி அடித்துப் பார்க்கிறான். இரண்டு வருஷம் கூட ஆகாது, இரண்டே நாளில் அவனுடையதாகிவிடும். யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் திரும்பிவிட்டோம்.

ஜூன் 29, ஞாயிறு

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் அவன் அத்தை சைக்கிளில் வந்தபோது செந்தில் கத்தியது: "லேடீஸ் வண்டில வருதாம் பாருலே."

அப்படியென்றால் கம்பி தாழ்ந்ததை இவன் தொடமாட்டான்.

அப்பாவிடம், சுடிதாருக்கும் ஷாலுக்கும் அதுதான் வசதி என்றேன். பொம்பளப் பிள்ளைக்கு அதுதான் லட்சணம் என்று அம்மாவுக்கு ஒரே திருப்தி. அப்பா கொஞ்சம் தயங்கி, சரி என்றார். நான் கெட்டிக்காரி என்று தோன்றவில்லை. படுத்துக்கொள்ளத்தான் தோன்றியது.

ஜூன் 30, திங்கள்

வாங்கியாயிற்று. நீலம், பதினாறு இஞ்ச். கனம்தான். டியூஷன் போகையில் எதிர்க்காற்று வேறு. தொடை வலி. ஆனாலும் தரையில் பாதம் முழுதாகப் பதிகிறது. செந்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

டியூஷனுக்குக் கிளம்பினால் சைக்கிள் இல்லை. மழையில் நடந்தே போனேன். பாதி வகுப்பு போயிற்று.

இருட்டும் நேரத்தில் செந்தில் வந்தான், கேரியரில் சேக்காளிப் பையன் ஒருவனோடு. ஐந்தருவியில் குளித்திருக்கிறார்கள். லேடீஸ் வண்டியில் போக வெட்கமாக இல்லையா என்று கேட்டேன்.

"அது பக்கத்துத் தெருக்காரன் வண்டி, சிரிச்சோம். இது நம்ம வண்டில்லா. கம்பி இல்லாம இருக்கதும் நல்லதுதான்க்கா, ஏறி இறங்க லேசா இருக்கு."

தலை துவட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

காலையில் இட்லி சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அது என் சைக்கிள், என்னைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது. தம்பிக்கு விட்டுக்கொடுத்தால் என்ன என்றாள் அம்மா. செந்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். நான் நிறுத்தவில்லை, நேற்று நனைந்தது, வகுப்பு போனது எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி ஆறியது. கடைசியில் அப்பா, "கொண்டாலே சாவிய" என்று செந்திலிடம் வாங்கி என் தட்டுப் பக்கத்தில் வைத்தார்.

சைக்கிள் எனக்குத்தான். உடம்பெல்லாம் அசதி. எப்படியும் இந்தச் சண்டையைப் போடத்தான் வேண்டும் என்றால், கம்பி வைத்ததையே வாங்கியிருக்கலாம்.