தூசி நீக்கிய பதிப்பு

ஜனவரி 9

கடையில் கோட்டுகளாக வந்து குவிகின்றன. லாண்டரிக் கவுண்டரில் உட்கார்ந்து துணிக்கு நம்பர் குத்திக் குத்தி விரல் நுனி மரத்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் போனில் ரசிகர் குழுவைத் திறந்தேன். ரசிகர்கள் 'உருக்கு அண்ணன்' என்று கூப்பிடும் நடிகரின் மில் படத்துக்குப் புது டிஸ்க் வருகிறதாம். கேசட்டில் ஓரம் வெட்டு, முதல் டிஸ்க்கில் சண்டை வெட்டு என்று காலையிலிருந்து அடிதடி. புரொஃபசர் என்று எல்லோரும் கூப்பிடும் அட்மின் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஒரு நொடி வெட்டினாலும் அது வேற படம்."

நான் ஏன் இந்தக் கும்பலில் கிடக்கிறேன்? அந்த நடிகர் மேல் எனக்கு ஒரு பிடிப்பும் இல்லை. அவருக்கு டூப் போட்டவன் என் அண்ணன். அவன் முதுகைப் பற்றி உட்கார்ந்து இவ்வளவு பேச உலகத்தில் வேறு யாருக்கு நேரம் இருக்கிறது?

ஜனவரி 12

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. டிவி முன்னால் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்கிறாள். இன்று உருக்கு அண்ணன் படம் ஓடியது. "குதிச்சிட்டானா?" என்றாள். குதித்துவிட்டான் என்றேன்.

அண்ணன் இருந்த காலத்தில் எதிர் வீட்டக்காவிடம், "அங்க குதிக்கிறது என் பிள்ளை" என்பாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். உருக்கு அண்ணன் டூப்பே வைக்காத நடிகர் என்றுதானே ஊரெல்லாம் பேச்சு. அம்மா அந்தக் கோபத்தை அண்ணனிடம் காட்டுவாள். "ஒரு படத்துலயாவது மூஞ்சியக் காட்டேன்டா."

"காட்டினா சோறு போயிரும்மா."

காட்டாமலேயே போய்ச் சேர்ந்தான். வேறொரு படம், இன்னும் உயரமான மாடி, கீழே மெத்தை விலகியிருந்தது.

பிப்ரவரி 3

தபாலில் டிஸ்க் வந்தது. எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

மில் மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதிக்கும் காட்சி. கேசட்டில் விழுந்த இடமெல்லாம் ஒரே புழுதி, அதற்குள் ஒரு நிழல் எழுந்திருக்கும், அவ்வளவுதான். இதில் படத்தைச் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். புழுதி விலகுகிறது. எழுந்து நிற்பது அண்ணன். இடது புறங்கையால் மூக்கைத் துடைக்கிறான். உடைந்த பல் தெரியச் சிரிக்கிறான். சரியாகக் குதித்துவிட்ட சந்தோஷம். உடனே வெட்டி உருக்கு அண்ணனுக்குப் போய்விடுகிறது.

என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வரும்வரை அதையே போட்டுப் போட்டுப் பார்த்து அழுதேன்.

பிப்ரவரி 4

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கண்ணு சரியாகட்டும், பார்க்கிறேன். எதிர் வீட்டுக்காரியையும் கூப்பிடணும்" என்றாள். ஆபரேஷன் இந்த மாதக் கடைசியில்.

சும்மா இருந்திருக்கலாம். இருப்பு கொள்ளவில்லை. குழுவில் எழுதினேன்: மில் குதியில் எழுந்திருப்பவர் நடிகர் இல்லை, என் அண்ணன், நிறுத்திப் பாருங்கள். யாராவது ஒருவர் நன்றாகக் குதித்திருக்கிறார் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது எழுத.

பிப்ரவரி 5

யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 7

முதலில் பொய் என்றார்கள். அப்புறம் நிறுத்திப் பார்த்தார்கள். பார்த்ததும் கோபம் என் பக்கம் திரும்பியது. எதிரணி ரசிகனின் கைக்கூலியாம் நான். ஒருவன், "அந்தப் பல்லைப் பார்த்ததுல இருந்து படமே பிடிக்கல" என்று எழுதினான். எங்கள் வீட்டு மாடிப்படியில் விழுந்து உடைந்த பல் அது.

புரொஃபசர் கம்பெனிக்கு எழுதப் போகிறாராம். டிஸ்க்கில் பிழை என்று. ஒரு நொடி வெட்டினாலும் வேறு படம் என்றவர்.

பிப்ரவரி 19

கம்பெனி பணிந்துவிட்டது. "சுத்திகரிப்பில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்." அந்த இடத்தில் நடிகரின் முகத்தைப் பொருத்தி, வாங்கியவர்களுக்கெல்லாம் மாற்று டிஸ்க் அனுப்புவார்களாம். குழுவில் வெற்றி விழா.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. அவனைக் கண்டுபிடித்தவளும் நான், காட்டிக்கொடுத்தவளும் நான்.

போகட்டும். என் டிஸ்க் என்னிடம் இருக்கிறது. அம்மா பார்த்தால் போதும்.

பிப்ரவரி 26

அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டார் டாக்டர்.

ஏப்ரல் 8

ஒரு வழியாக ஆபரேஷன் முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். "என்னடி இப்படிக் கிழவியாயிட்டே?" டாக்டரே சிரித்துவிட்டார். ஒரு வாரம் டிவி கூடாதாம்.

ஏப்ரல் 14

இவரைத் திட்டவும் முடியவில்லை.

நான் கடையில் இருந்தபோது கூரியர்காரர் வந்திருக்கிறார். பழைய டிஸ்க்கைக் கொடுத்தால்தான் புதியதாம். இவர் அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டார். "பழுதானதுன்னு அட்டையிலயே போட்டிருந்துச்சு. அத்தை பார்க்கப் போறாங்க, நல்லதா இருக்கட்டுமேன்னு நினைச்சேன்" என்றார். அண்ணன் முகம் வருகிறது என்று இவருக்குச் சொல்லியிருந்தேன். மாற்றப்போவது அதைத்தான் என்று சொல்லவே இல்லை. எனக்கே சொல்லப் பிடிக்காத விஷயத்தை இவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஏப்ரல் 15

மானத்தை விட்டுக் குழுவில் கேட்டேன். பிழையான டிஸ்க் யாரிடமாவது இருந்தால் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். சாயங்காலம் புரொஃபசர் எழுதினார்: "எல்லாரும் மாத்தியாச்சும்மா. சரியானது கிடைச்ச பிறகு அதை எதுக்குத் தேடறீங்க?" கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

போனில் நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, டிவி வெளிச்சத்தில் கோடு கோடாக. படத்துக்கென்ன, சுவரில் மாட்டியதும் இருக்கிறது. அவன் சினிமாவில் எழுந்து சிரிப்பதுதானே அம்மாவுக்கு வேண்டும்.

ஏப்ரல் 18

அம்மாவிடம் இன்றும் சொல்லவில்லை. கண் வலிக்குமே என்று சாக்குச் சொல்லித் தள்ளினேன். "எனக்கு வலிக்கல, உனக்குத்தான் என்னமோ" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா தானே போய் எதிர் வீட்டக்காவைக் கூட்டி வந்துவிட்டாள். புதுச் சேலை வேறு. இதற்கு மேல் நான் என்ன செய்வேன். அம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "வந்தவளைத் திருப்பி அனுப்ப முடியுமா? போடு" என்றாள்.

கண்ணாடி உடைந்தது. புழுதி விலகியது. உருக்கு அண்ணன் எழுந்து நின்று மூக்கைத் துடைத்தார்.

"அவர்தானே இது" என்றாள் அக்கா. இந்த முறை சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். மறுபடி போடு, மெதுவாக ஓடவிடு என்றாள். விட்டேன். அந்த முகம் வந்ததும் அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். உடம்பு எழுந்தது, கையும் கூடவே ஏறியது. முகம் போன பக்கமெல்லாம் போயிற்று.

"கழுத்துக்குக் கீழ பாரு" என்றாள் அக்காவிடம். "இடது கையால மூக்கைத் துடைக்கிறான் பாரு. சின்ன வயசுல என்கிட்ட எத்தனை அடி வாங்கியிருக்கான் இதுக்கு."

அக்கா என் காதோடு, "ஆபரேஷன் ஆகிப் பன்னெண்டு நாள்தானே, கண்ணு தெளிய இன்னும் நாளாகும்" என்றாள்.

"இல்லக்கா, அம்மாவுக்கு நல்லாத் தெரியுது."

அக்கா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். காட்சி மாறி, வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா கையை எடுக்கவில்லை.